காது நரம்புக் கட்டி: யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் "வெஸ்டிபுலார் ஷ்வானோமா" என்றோ "அக்கூஸ்டிக் நியூரோமா" என்றோ பார்த்துவிட்டுத்தான் இதைப் படிக்க வந்திருப்பீர்கள். இரண்டும் ஒரே கட்டிக்கு வழங்கும் பெயர்கள். உள்காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் எட்டாவது நரம்பில், உடல் தள்ளாடாமல் பார்த்துக்கொள்ளும் கிளையின் உறையில் முளைப்பது இது. புற்றுநோய் அல்ல, வேறு இடத்துக்குப் பரவாது. வளர்ந்தாலும் பொதுவாக ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். வருடக்கணக்கில் வளராமலே கிடப்பவையும் நிறைய. ஆகவே ரிப்போர்ட் வாங்கிய ராத்திரியே ரயிலேற வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நாலு பேரைக் கேட்டு யோசித்து முடிவெடுக்க அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. எனக்குக் கட்டி இடது பக்கம். மருத்துவம் படித்தவள் இல்லை. நோயாளியாக அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனையில் சிகிச்சை செய்துகொண்டேன் என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் தங்கள் கட்டி எவ்வளவு பெரிது என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே போய் நிற்பார்கள். இந்த நோயில் அடுத்தவருக்குச் சரியான இடம் நமக்கும் சரியான இடமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அவசரம் உள்ள சிலரும் இருக்கிறார்கள். காலையில் எழும்போதே மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளுதல், விழுங்கும்போது புரையேறுதல், எந்நேரமும் தூக்கக் கலக்கம், இவற்றில் எது இருந்தாலும் கட்டி பெரிதாகி மூளைத்தண்டை அழுத்துகிறதோ, மூளை நீர் வடியும் வழியை அடைக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, நியூரோ சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசரப் பகுதிக்கு இன்றே போக வேண்டும்.

ஸ்கேன் இன்னும் எடுக்காதவர்களுக்கு

வலது காதில் ஃபோனை வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. இடது காதில் வைத்தால் யாரோ பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறார் என்பது பிடிபடவில்லை. இதுதான் இந்தக் கட்டியின் கையெழுத்து. கூடவே அந்தக் காதில் மட்டும் "ங்கொய்" என்று ஓயாத இரைச்சல், லேசான கிறுகிறுப்பு, இருட்டில் நடக்கும்போது கால் உறுதியாக ஊன்றாத உணர்வு. வகுப்பில் எந்த வரிசைப் பையன் பேசினான் என்று எனக்குத் தெரியாமல் போனது இதனால்தான். ஒரு காது குறைந்தால் சத்தம் வரும் திசை தெரியாது. பையன்கள் இதை என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வழக்கமாக என்ன நடக்கும் என்றால், காதில் அழுக்கு எடுப்பார்கள், வெர்டின் மாத்திரை எழுதித் தருவார்கள், வயசு, பிரஷர், கழுத்து எலும்பு தேய்மானம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள். தலைசுற்றலுக்கு அந்த மாத்திரை தருவது தப்பில்லை. ஆனால் ஒரு காது மட்டும் குறைந்துகொண்டே வருகிறது, அதற்குத் தெளிவான காரணம் இல்லை என்றால், ஈஎன்டி டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "ஆடியோகிராமும் (காது எவ்வளவு கேட்கிறது என்ற பரிசோதனை) பேச்சைப் புரிந்துகொள்ளும் டெஸ்ட்டும் எடுக்கலாமா? எம்ஆர்ஐ தேவைப்படுமா?" எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபப்பட மாட்டார். திடீரென்று ஒரே நாளில் காது அடைத்துக் கேட்காமல் போனால் அது தனி அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். பிறகு கேட்டல் திரும்பி வந்துவிட்டாலும் எம்ஆர்ஐ எடுக்காமல் விடக் கூடாது. கட்டி இருந்தும் அப்படித் திரும்பியவர்கள் உண்டு.

சிடி ஸ்கேனில் சின்னக் கட்டி தப்பிவிடும். காது நரம்பின் மின் அலைகளைப் பார்க்கும் பெரா டெஸ்ட்டும் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதைக் கோட்டைவிடலாம். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, உள்செவிக் குழாய்ப் பகுதியை (காது நரம்பு மூளைக்குப் போகும் எலும்புப் பாதை) மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் எம்ஆர்ஐதான் நம்பகமானது. டாக்டர் சீட்டில் வெறுமனே "பிரெயின் எம்ஆர்ஐ" என்று இருந்தால், உள்செவிக் குழாய்க்கான மெல்லிய வெட்டும் சேர்த்து வேண்டுமா என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட்டுக்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம். அரசு மருத்துவமனை வளாகங்களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் வெளியே கேட்பதைவிடக் கட்டணம் மிகக் குறைவு.

இரண்டு எண்கள்

டாக்டர்களைத் தேடிக் கிளம்பும் முன் உங்கள் கட்டியைப் பற்றி இரண்டு எண்கள் உங்கள் வாயில் இருக்க வேண்டும்: அளவு, கேட்டல்.

அளவில் ஒரு சிக்கல் இருக்கிறது. என்னுடைய முதல் ரிப்போர்ட்டில் 14 மி.மீ. அடுத்த ஸ்கேனை வேறு மையத்தில் எடுத்தபோது 19 மி.மீ. வீட்டில் ஒரே களேபரம். நாத்தனார் அன்றைக்கே ஆபரேஷன் தேதி குறித்துவிடுவார் போல இருந்தது. நியூரோ சர்ஜன் இரண்டு எம்ஆர்ஐயும் பதிந்து கொடுத்த சிடி தட்டுகளைத் தன் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, மவுஸால் கோடு இழுத்துக் காட்டினார். முதல் ஆள் எலும்புக் குழாய்க்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் அளந்திருக்கிறார். இரண்டாவது ஆள் குழாய்க்குள் இருக்கும் வால் பகுதியையும் சேர்த்து அளந்திருக்கிறார். கட்டி வளரவே இல்லை. ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை வைத்து வளர்ந்ததா இல்லையா என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். "குழாயைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களை முடிந்தவரை ஒரே மையத்தில் எடுங்கள். ஃபிலிம் ஷீட் மட்டும் போதாது. சிடி கட்டாயம் வேண்டும், அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் நகல் எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குக் கொடுத்த சிடி திரும்பி வரும் என்று நம்பாதீர்கள்.

மில்லிமீட்டரோடு கூஸ் கிரேடு என்று ஒன்றும் சொல்வார்கள். 1 என்றால் கட்டி குழாய்க்குள்ளேயே இருக்கிறது. 2 என்றால் வெளியே வந்திருக்கிறது, மூளைத்தண்டைத் தொடவில்லை. 3 தொட்டுக்கொண்டிருக்கிறது. 4 மூளைத்தண்டை நகர்த்திவிட்டது. சிகிச்சைப் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான் நடக்கும் என்பதால் உங்கள் கிரேடைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டலிலும் இரண்டு பகுதி. ஒன்று, எவ்வளவு டெசிபெல் சத்தம் வைத்தால் கேட்கிறது என்பது. மற்றது, கேட்ட சொற்களில் எத்தனை சதவீதத்தைச் சரியாகத் திருப்பிச் சொன்னீர்கள் என்பது. இந்தக் கட்டியில் இரண்டாவதுதான் முதலில் அடிவாங்கும். ஆடியோலஜிஸ்ட் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் "புளி"யைப் "புலி" என்றும் "பள்ளி"யைப் "பல்லி" என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் என்னவோ நன்றாகவே கேட்டது. 50 டெசிபெல்லுக்குள் கேட்டு, 50 சதவீதத்துக்கு மேல் சொற்கள் புரிந்தால் அதைப் பயன்படும் கேட்டல் என்று டாக்டர்கள் பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காதைக் காப்பாற்றப் பாடுபடுவதா, விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்பதா என்பது இந்த எண்ணைப் பொறுத்தது. டெஸ்ட்டைத் தமிழில் எடுக்கச் சொல்லுங்கள். வெளி மாநிலத்தில், தெரியாத மொழிச் சொற்களை வைத்து எடுத்தால் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

ஒருவேளை இரண்டு காதிலும் கட்டி இருந்தாலோ, நோயாளி முப்பது வயதுக்கும் கீழே என்றாலோ, வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இருந்தாலோ, என்எஃப்2 என்ற மரபணுக் கோளாறா என்று கேளுங்கள். அது வேறு கதை. மரபணுப் பரிசோதனை, முதுகுத்தண்டு ஸ்கேன் எல்லாம் சேரும். கீழே சொல்வது ஒரு பக்கம் மட்டும் கட்டி உள்ளவர்களுக்கு.

மூன்று வழி, இரண்டு கூடாரம்

பார்த்துக்கொண்டே இருப்பது, கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை. இவ்வளவுதான். கட்டியைக் கரைக்கும் மாத்திரையோ, கஷாயமோ, பத்தியமோ கிடையாது. மூலிகை எண்ணெய் காதில் விடச் சொன்ன உறவினர்கள் எனக்கும் உண்டு. காதுக்குள் ஊற்றும் எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும், கட்டி இருப்பது அதைத் தாண்டி எலும்புக்குள்ளே.

பார்த்துக்கொண்டிருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. முதலில் ஆறு மாதத்தில் ஒரு எம்ஆர்ஐ, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று என்று திட்டம் போட்டுக் கண்காணிப்பது. சின்னக் கட்டி, வயதானவர், தொந்தரவு குறைவு என்றால் இதுதான் பெரும்பாலும் முதல் ஆலோசனை. கட்டி வளராவிட்டாலும் கேட்டல் குறையலாம் என்பதைத் தெரிந்துகொண்டு இதில் இறங்க வேண்டும்.

கதிர்வீச்சில் காமா நைஃப், சைபர்நைஃப், லினாக் என்று கருவிக்குக் கருவி பெயர் வேறு. கத்தி எதுவும் இல்லை, பெயரில் மட்டும்தான். காமா நைஃபில் நெற்றியிலும் பின்மண்டையிலும் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சட்டத்தை நாலு திருகால் பொருத்துவார்கள். ஒரே அமர்வில் முடியும். சைபர்நைஃபில் முகமூடிதான், ஒன்றிலிருந்து ஐந்து அமர்வுகள் வரை போகலாம். சுமார் மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு இது பொருந்தும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆனால் கட்டி மறைந்துவிடாது, அங்கேயேதான் இருக்கும். இன்னொன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஒன்றிரண்டு ஆண்டில் கட்டி கொஞ்சம் வீங்கிப் பெரிதாகத் தெரியலாம். அது தோல்வி அல்ல. இது தெரியாமல் அலறியடித்து ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அறுவையில் மூன்று பாதைகள். காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து போவது ரெட்ரோசிக்மாய்டு; கேட்டலைக் காப்பாற்றும் வாய்ப்பு இதில் உண்டு. உள்காதைக் குடைந்து போவது டிரான்ஸ்லாபிரிந்தைன். அந்தக் காது முழுவதும் போய்விடும், ஆனால் ஏற்கெனவே கேட்காத காது என்றால் இழப்பதற்கு எதுவும் இல்லை. காதுக்கு மேலே இருந்து போவது மிடில் ஃபாசா. கட்டி குழாய்க்குள் சின்னதாக இருந்து, கேட்டல் நன்றாக இருப்பவர்களுக்கு. இவற்றில் பயம் எல்லாம் முகநரம்பைப் பற்றித்தான். ஏழாவது நரம்பான அது அதே குழாயில் கூடவே வருகிறது. பெரிய கட்டியில் அது ஊதிய பலூனில் ஒட்டிய நூல்போலப் பரவிக் கிடக்கும். அதனால்தான் இப்போது நிறைய சர்ஜன்கள் நரம்போடு ஒட்டிய மெல்லிய சிம்பை விட்டுவிட்டு, அது வளர்ந்தால் பிறகு கதிர்வீச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கட்டியை முழுதாக எடுத்தேன் என்று பெருமை பேசுகிறவரைவிட, முகத்துக்காகக் கொஞ்சம் விட்டேன் என்று சொல்கிறவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ஹாலிவுட் படங்களில் ஹல்க்காக நடிக்கும் மார்க் ரஃபலோவுக்கும் இதே கட்டிதான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்க முகம் பல மாதம் செயலிழந்து திரும்பியது. இடது காது திரும்பவில்லை.

இப்போது கூடார விஷயம். சர்ஜனிடம் போனால் சர்ஜரியும், கதிர்வீச்சு மருத்துவரிடம் போனால் கதிர்வீச்சும்தான் முதலில் வாயில் வரும். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. அவரவர் கையில் நன்றாக வந்தவர்களைத்தான் அவரவர் தினமும் பார்க்கிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டிக்கு ஒரு டாக்டர் என்னிடம் "உடனே எடுத்துவிடலாம்" என்றார். இன்னொருவர் "ஒரு வருடம் பார்ப்போம்" என்றார். மூன்றாமவர் கதிர்வீச்சுக்குத் தேதி கொடுக்கத் தயாராக இருந்தார். மூவருமே நல்ல டாக்டர்கள்தான். மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டிக்கு ஆபரேஷன், எழுபது வயதுக்காரரின் குட்டிக் கட்டிக்குக் கண்காணிப்பு என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு வராது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையிலேயே தேர்வு இருக்கிறது. அவர்கள் இரண்டு கூடாரத்திலும் தலா ஒருவரையாவது பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து.

எங்கே தேடுவது

ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய் இது. மாவட்டத் தலைநகரில் உள்ள நல்ல நியூரோ சர்ஜன்கூட அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். ஆகவே "பக்கத்தில்" என்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆடியோகிராம், எம்ஆர்ஐ, தொடர் கவனிப்பு, பிசியோதெரபி எல்லாம் பக்கத்து ஊரில். முடிவெடுக்கவும் சிகிச்சைக்கும் இதை அடிக்கடி செய்கிற பெரிய இடம். ஃபோனில் விசாரிக்கும்போது "நியூரோ டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்டால் பக்கவாதம், வலிப்பு பார்க்கும் நியூராலஜிஸ்ட்டிடம் டோக்கன் போட்டுவிடுவார்கள். "ஸ்கல் பேஸ் (மண்டையோட்டின் அடிப்பகுதி) சர்ஜரி செய்யும் நியூரோ சர்ஜன் யார்? ஈஎன்டி டாக்டரும் சேர்ந்து செய்வார்களா?" என்று கேளுங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஆழமான வேர் உண்டு. இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் சிஎம்சியில், 1949-இல். மறு ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார், இன்றைய ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை அதுதான். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இறங்கினால் போதும், காலை ஓபி நேரத்துக்குள் போய்விட வேண்டும். சென்னையில் ஓமந்தூரார் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. தெற்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் நியூரோ சர்ஜரி உண்டு. மத்திய அரசு நிறுவனங்களில் புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா, பெங்களூரு நிம்ஹான்ஸ். கன்னியாகுமரி, நெல்லைக்காரர்களுக்குச் சென்னையைவிட ஸ்ரீசித்ரா எவ்வளவோ பக்கம்; ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நிம்ஹான்ஸ். நிம்ஹான்ஸில் காமா நைஃப் இருக்கிறது, வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. சைபர்நைஃப் வேண்டுமென்றால் சென்னை அப்பல்லோவில் 2009-இலிருந்து இருக்கிறது. எங்கே போவதானாலும் உள்ளூர் டாக்டரிடம் ஒரு ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிஎம்சிக்கு ஆன்லைனில் அப்பாயிண்ட்மென்ட் போட்டுவிட்டுப் போவது நல்லது. அவர்களுக்கு வேலூர் நகருக்குள் ஒரு வளாகம், ராணிப்பேட்டை அருகே இன்னொரு வளாகம். சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு லாட்ஜ் போடுங்கள். காட்பாடியில் இறங்கி நகரத்துக்குள் ரூம் எடுத்துவிட்டு, காலையில் ராணிப்பேட்டைக்கு ஆட்டோ தேடுவது தண்டம்.

டாக்டரின் பெயர் கிடைத்ததும், தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். நியூரோ சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. பட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் நட்சத்திரங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. பார்க்கிங் சரியில்லை என்று ஒரு நட்சத்திரம் கொடுக்கிறவர் ஊரில் அதிகம்.

டாக்டர் அறையில்

கிடைப்பது பத்து நிமிடம். நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், கூட ஒருவர் வரட்டும். எனக்குக் கேட்காத பக்கம் டாக்டர் உட்காராதபடி நாற்காலியை முதலிலேயே நகர்த்திக்கொள்வேன். இதற்குக் கூச்சப்பட்டால் பாதி விஷயம் காற்றில் போய்விடும். கூட வருபவர் பேசுவதைவிட எழுதுவது முக்கியம். என் வீட்டுக்காரரை இரண்டாம் முறையிலிருந்து பேனாவோடு மட்டும் உட்கார வைத்தேன்.

எல்லா டாக்டரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒரு வருடத்துக்கு இந்தக் கட்டி எத்தனை செய்கிறீர்கள்? என் அளவுள்ள கட்டியில் ஒரு வருடம் கழித்து முகம் ஹவுஸ்-பிராக்மேன் 1 அல்லது 2-இல் இருப்பவர்கள் எத்தனை பேர்? (1 என்றால் முகம் இயல்பு, 6 என்றால் அசைவே இல்லை, இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே பதிலின் தரம் மாறிவிடுகிறது.) ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா? முகநரம்பு மானிட்டர் வைப்பீர்களா? என் கேட்டலைக் காப்பாற்ற வாய்ப்பு எவ்வளவு? மூளை நீர்க் கசிவு வந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஒரு வருடம் காத்திருந்தால் எதை இழப்பேன்? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. அதற்கு நிதானமாகப் பதில் சொன்னவர்களை நான் நம்பினேன். "டிலே பண்ணினால் ரிஸ்க்" என்று மட்டும் சொன்னவர்களிடம், எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தால் ரிஸ்க் என்று திரும்பக் கேட்டேன். கணக்கு டீச்சர், எண் இல்லாமல் விட மனசு வராது.

இன்னொரு டாக்டரிடமும் காட்டப் போகிறேன் என்பதை மறைக்க வேண்டாம். "யோசித்துவிட்டு வருகிறோம் டாக்டர்" என்று சொன்னால் போதும்.

பணம்

எல்லாம் லட்சங்களில்தான், ஊருக்கு ஊர் மாறும்; எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் அட்டை வாங்க வேண்டும். அட்டையை இன்று வாங்கி வையுங்கள், அட்மிஷன் அன்று ஓடாதீர்கள். நீங்கள் போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு, உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அங்கே திட்டத்தில் வருகிறதா என்பதையும் அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். என்னைப் போன்ற அரசு ஊழியர்களுக்கு என்எச்ஐஎஸ் என்ற தனி மருத்துவக் காப்பீடு. முன் அனுமதி வந்த பிறகுதான் படுக்க வேண்டும்.

சொந்தமாகப் பாலிசி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் "நவீன சிகிச்சைகள்" என்று பன்னிரண்டைப் பட்டியலிட்டு, அவற்றைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. காமா நைஃப், சைபர்நைஃப் சேரும் ஸ்டீரியோடாக்டிக் ரேடியோ சர்ஜரியும், ஆபரேஷனின்போது நரம்பைக் கண்காணிக்கும் மானிட்டரிங்கும் இரண்டுமே அதில் உள்ளன. ஆனால் கம்பெனிகள் உச்சவரம்பு வைக்கலாம். பாலிசித் தாளில் "சப்-லிமிட்" பக்கத்தைப் புரட்டி, இந்த இரண்டுக்கும் எவ்வளவு என்று பாருங்கள். பெரிய தொகைக்குப் பாலிசி இருந்தும் ரேடியோ சர்ஜரிக்குக் கொஞ்சமே தருகிற பாலிசிகள் உண்டு.

அதற்குப் பிறகு

ஆபரேஷன் செய்துகொண்டால் முதல் சில நாட்கள் தலை பம்பரமாகச் சுற்றும். அந்தப் பக்கத்துச் சமநிலை நரம்பு போய்விட்டது, மூளை மற்றப் பக்கத்தை வைத்துப் பழகிக்கொள்ள வேண்டும். படுத்தே கிடந்தால் பழகாது. வெஸ்டிபுலார் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஊர்ப்பக்கம் யார் என்று ஆபரேஷனுக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

முகம் இழுத்துக்கொண்டால் முதலில் காப்பாற்ற வேண்டியது கண்ணை. இமை மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரும். பகலில் சொட்டு மருந்து, ராத்திரி ஆயின்ட்மென்ட் போட்டு டேப் ஒட்டுவது என்று எல்லாவற்றையும் வார்டிலேயே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். கண் சிவந்தாலோ உறுத்தினாலோ அன்றே கண் டாக்டர். கட்டியோடு, முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் ஐந்தாவது நரம்பும் அடிவாங்கியிருந்தால் கண்ணில் உறுத்தலே தெரியாது, அது இன்னும் ஆபத்து.

ஒரு காது போனவர்களுக்கு கிராஸ் கருவி என்று உண்டு. கேட்காத பக்கத்துச் சத்தத்தை எடுத்து நல்ல காதுக்கு அனுப்பும். கல்யாண மண்டபத்தில் கொஞ்சம் உதவும், மைக் செட் வைத்துவிட்டால் எதுவும் உதவாது. வாங்கும் முன் சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். நல்ல காதைப் பட்டாசு, ஹெட்ஃபோனிலிருந்து காப்பாற்றுங்கள். பஸ்ஸிலும் விருந்திலும் நல்ல காது ஆட்கள் பக்கம் வருமாறு இடம் பிடிப்பது தானாகவே பழகிவிடும்.

எந்த வழியில் போனாலும் கண்காணிப்பு ஸ்கேன் தொடரும். ஒப்பிடும்போது போன வருட ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டால் ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சி "மாற்றமில்லை" என்றுதான் வரும், அடுத்த வருடமும் அப்படியே. ரேடியாலஜிஸ்ட்டிடம் முதன்முதலில் எடுத்த எம்ஆர்ஐயின் சிடி தட்டையும் சேர்த்துக் கொடுத்து, அதோடு ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்கள்.